பாடப்புத்தகத்தின் நிறம்

வைத்தியம் பயிலும் மாணவர் முதன்முதலில் பழகிக்கொள்வது பார்ப்பது என்னும் கலையைத்தான். நோயாளியின் நாடியைத் தொடுவதற்கு முன்பே, அவருடைய முகத்தையும் உதட்டையும் நகத்தையும் கண்ணின் வெள்விழியையும் ஒரு கணம் நோக்கி, சரீரத்தின் உள்ளே நிகழ்வதை வெளியே தோன்றும் நிற மாறுதலால் ஊகித்தறியும் ஆற்றல் அவருக்குக் கைவர வேண்டும். அந்த ஆற்றலோ பிறவியிலேயே வருவதன்று, ஆசிரியர் காட்டும் படங்களாலும் பாடநூல்களின் வர்ணனைகளாலும் ஆண்டுக்கணக்கில் உருவாக்கப்படுவது. தடிப்பு சிவந்திருக்கும் என்றும், பிராணவாயு குறைந்தால் உடல் நீலம் பாரிக்கும் என்றும், ரத்தம் குன்றியவர் வெளுத்திருப்பார் என்றும் மேலைநாட்டு வைத்திய நூல்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவந்தபோது, அந்த நூலாசிரியர்களின் மனக்கண் முன் நின்றது வெண்ணிற மேனி ஒன்றே. கரிய மேனியில் அதே தடிப்பு ஊதாவாகவோ, சுற்றியுள்ள தோலைவிட ஆழ்ந்த பழுப்பாகவோ, சாம்பல் பூத்தாற்போலவோ தோன்றும். நீலம் பாரிப்பதைக் கன்னத்தில் தேடினால் காண முடியாது, நாவிலும் வாயின் உட்புறத்திலும் இமையின் உட்பக்கத்திலும் நகக்கண்ணிலுந்தான் தேட வேண்டும். இதைக் கற்பிக்கப் பெறாத மருத்துவர் கெட்ட எண்ணம் உடையவர் அல்லர். எனினும் அவருடைய கண் முழுமையாகப் பயிற்றப்படாத கண், அதன் விலையைக் கொடுப்பவரோ நோயாளி.

லண்டன் மாநகரின் தென்பகுதியில், இலங்கைத் தமிழர் பலர் குடியேறி வாழும் டூட்டிங் என்னும் இடத்தில், செயின்ட் ஜார்ஜ்ஸ் வைத்தியக் கல்லூரி இருக்கிறது. அங்கே பயின்ற மலோன் முக்வெண்டே என்னும் ஜிம்பாப்வே நாட்டு வமிசத்து இளைஞர், தோலில் தோன்றும் அறிகுறிகளைப் பற்றிய பாடங்களில் வெள்ளைத் தோலே மீண்டும் மீண்டும் காட்டப்படுவதைக் கண்டு, என்னைப் போன்றவரின் உடலில் இது எப்படி இருக்கும் என்று வினவத் தொடங்கினார். அந்த வினாவை ஆசிரியர்கள் அலட்சியம் செய்யாததுதான் போற்றத்தக்கது. பீட்டர் டமோனி, மார்கோ டர்னர் என்னும் இரண்டு ஆசிரியர்கள் அவரோடு சேர்ந்து உழைத்ததன் பயனாக, கறுப்பு, பழுப்பு நிறத் தோல்களில் நோய்க் குறிகள் எவ்வாறு தோன்றும் என்று விளக்கும் 'மைண்ட் தி கேப்' என்னும் கையேடு 2020ஆம் ஆண்டு வெளிவந்து, எவரும் விலையின்றிப் படிக்கக் கிடைத்தது. சிறு குழந்தைகளைப் பற்றும் கவாசாகி நோயை எண்ணிப் பார்த்தால் இந்தச் சிறு நூலின் பெருமை விளங்கும்: காய்ச்சலும் தடிப்புமாக வரும் அந்த நோயைக் காலத்தே கண்டுகொண்டால் சிகிச்சை உண்டு, காணத் தவறினால் இருதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் நாளங்கள் பழுதுபட்டு, அந்தத் தீங்கு வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும்.

பிறந்த சிசுவின் நிலையும் இதற்கு விலக்கன்று. குழந்தை பிறந்த முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் அதன் நலத்தை அளவிட, வர்ஜீனியா ஆப்கார் என்னும் அமெரிக்க மருத்துவப் பெண்மணி 1952ஆம் ஆண்டு வகுத்த முறை உலகெங்கும் வழக்கில் உள்ளது. அதன் ஐந்து கூறுகளில் ஒன்று நிறம், முழு மதிப்பெண் உடல் முழுதும் ரோஜா நிறமாக இருக்கும் குழந்தைக்கே. மாநிறமும் கருநிறமும் கொண்ட குழந்தைகளுக்கு இந்தச் சொல்லை எப்படிப் பொருத்துவது என்பது எழுபது ஆண்டுகள் கழிந்த பிறகே உத்தியோகபூர்வமாக ஆராயப்பட்டது. பிரிட்டனின் தேசிய சுகாதாரத் துறையில் இனமும் ஆரோக்கியமும் பற்றி ஆராயும் மன்றம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் அறிக்கை, நிறத்தைச் சொல்லும் இத்தகைய பதங்களையும், காமாலையைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கும் பழக்கத்தையும் மறுபரிசீலனை செய்ய வேண்டுமென்று வற்புறுத்தியது.

கொரோனாக் காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளிலும் விரல் நுனியில் மாட்டிப் பார்க்கப்பட்ட ஆக்ஸிமீட்டர் என்னும் சிறு கருவியையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். ஒளியைத் தோலினூடே செலுத்திப் பிராணவாயுவின் அளவைக் கணக்கிடும் அந்தக் கருவி, கரிய தோலில் உள்ளதைவிடச் சற்று அதிகமாகவே காட்டக்கூடியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2020ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட ஆராய்ச்சியில், கருவி அபாயமில்லை என்று காட்டியபோதும் ரத்தப் பரிசோதனையில் பிராணவாயு அபாயகரமாகக் குறைந்திருந்தது வெள்ளையரில் 3.6 விழுக்காட்டினருக்கு, கறுப்பரிலோ 11.7 விழுக்காட்டினருக்கு. கருவியைச் செய்தவர் எவரும் தீங்கு நினைத்தவரல்லர். சரிபார்த்த உடல்களில் பெரும்பாலானவை எந்த நிறத்தன என்பதே அங்கு முடிவு செய்தது.

பாடத்தில் எவருடைய மேனி இடம்பெறுகிறது என்பது, கல்லூரியில் எவருக்கு இடம் கிடைக்கிறது என்பதோடு இணைந்த விஷயம். முக்வெண்டே பயின்ற அதே செயின்ட் ஜார்ஜ்ஸ் கல்லூரியின் முற்கால வரலாறு இதற்குச் சான்று. மாணவர் சேர்க்கைக்கு வந்து குவியும் விண்ணப்பங்களை முதற்கட்டமாகச் சலித்தெடுக்கும் சிரமத்தைக் குறைக்கவும், தேர்வாளருக்குத் தேர்வாளர் மாறுபடும் மனப்போக்கை நீக்கி ஒரே சீராக நியாயம் வழங்கவும் கருதி, அங்கே 1970களில் ஒரு கணினி நிரல் எழுதப்பட்டது. பழைய தேர்வாளர்களின் முடிவுகளோடு அது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒத்துப்போனதைக் கண்டு, அதுவே அதன் சிறப்பென்று கருதி, தேர்வின் முதற்கட்டத்தை முழுவதும் அதனிடமே ஒப்புவித்தார்கள். ஆனால் பழைய முடிவுகளில் மறைந்து கிடந்த பாரபட்சத்தையும் அது அப்படியே கற்றிருந்தது. பெயரையும் பிறந்த இடத்தையும் கொண்டு ஐரோப்பியர் அல்லாதவரைப் பிரித்தறிந்து அவர்களுடைய மதிப்பைக் குறைத்தது. பெண்களுடைய மதிப்பையும் குறைத்தது. அந்தக் கல்லூரியிலேயே பணியாற்றிய ஆக்ரி பர்க், ஜோ காலியர் என்னும் இரு மருத்துவர்கள், தங்கள் பதவிக்கும் நட்புக்கும் நேரக்கூடிய இடையூறுகளைப் பொருட்படுத்தாமல் உண்மையை வெளிப்படுத்தினர். இனச் சமத்துவ ஆணையம் விசாரித்து 1988ஆம் ஆண்டு அளித்த அறிக்கை, ஆண்டுதோறும் 60 பேர் வரை நேர்முகத் தேர்வுக்குக்கூட அழைக்கப்படாமல் இவ்வாறு ஒதுக்கப்பட்டிருக்கலாம் என்று கூறிற்று.

இந்த வரலாற்றில் எனக்கு மிகுந்த சிந்தனையைத் தந்த செய்தி வேறொன்று. லண்டனிலிருந்த ஏனைய வைத்தியக் கல்லூரிகள் பலவற்றைக் காட்டிலும் செயின்ட் ஜார்ஜ்ஸில்தான் வெள்ளையரல்லாத மாணவர் விகிதம் அப்போது அதிகமாக இருந்தது! மற்ற இடங்களில் தேர்வாளரின் உள்ளத்துக்குள்ளே நடந்து சுவடின்றி மறைந்தது, இங்கே நிரலாக எழுதப்பட்டிருந்ததனால் எவரும் படித்தறியும்படி அகப்பட்டது. வழக்கம் விதியாக மாறி, விதி நியாயத்தின் வேஷத்தில் நிற்கும்போது, அதை அகற்றுவதற்கு நல்ல உள்ளம் மட்டும் போதாது. விதியைத் திறந்து பார்த்துத் திருத்துவதற்கு ஆள் வேண்டும்.

அமெரிக்காவில் இவ்விஷயம் இன்னும் ஆழமான வேர்களை உடையது. ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் 1910ஆம் ஆண்டு எழுதிய அறிக்கை அந்நாட்டு வைத்தியக் கல்வியை விஞ்ஞான அடிப்படையில் நிறுத்தியது என்பது மெய். அதன் விளைவாகக் கறுப்பருக்கென்று இருந்த ஏழு கல்லூரிகளுள் ஐந்து மூடப்பட்டு, வாஷிங்டனில் ஹோவர்டும் நாஷ்வில்லில் மெஹாரியும் மட்டுமே எஞ்சின என்பதும் மெய். மற்றக் கல்லூரிகளின் வாயில்கள் பெரும்பாலும் அடைபட்டிருந்த அக்காலத்தில், இது பல தலைமுறை மருத்துவர்களைத் தோன்றாமலே செய்துவிட்டது. கறுப்பின மருத்துவர்களுக்குத் தான் இழைத்த அநீதிக்காக அமெரிக்க மருத்துவச் சங்கம் மன்னிப்புக் கோரியது 2008ஆம் ஆண்டிலேதான். இடையில், கலிபோர்னியாவில் டேவிஸ் நகர வைத்தியக் கல்லூரி 100 இடங்களில் 16 இடங்களைச் சிறுபான்மை இனத்தவருக்கு ஒதுக்கிவைத்த முறையை 1978ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தள்ளி, இனத்தைப் பல அம்சங்களுள் ஒன்றாகக் கருதலாம் என்று மட்டும் அனுமதித்தது. அதே நீதிமன்றத்தின் 2023ஆம் ஆண்டுத் தீர்ப்போடு அந்த அனுமதியும் போயிற்று. மறு ஆண்டில் வைத்தியக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த கறுப்பின மாணவர் தொகை பத்து விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. ஒவ்வொருவரையும் அவரவர் தகுதியால் மட்டுமே மதிக்க வேண்டும் என்போரின் வாதம் அற்பமானதன்று. மதிப்பெண்ணுக்கும் உழைப்புக்கும் உரிய கௌரவத்தைக் காக்கும் எண்ணம் அதில் இருக்கிறது. ஆயினும் தகுதியை அளந்த கோலே நெடுங்காலம் ஒருபுறம் சாய்ந்திருந்ததை டூட்டிங்கில் கண்ட பிறகு, அந்த வாதத்தை அப்படியே ஏற்பது எனக்கு இயலவில்லை.

இனி, வகுப்பறையின் உள்ளே நுழைவோம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வெள்ளையின மாணவரும் பயிற்சி மருத்துவருமாக 222 பேரிடம் நடத்தி 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், கறுப்பருடைய தோல் தடித்தது, அவர்களுடைய நரம்பு நுனிகளுக்கு உணர்ச்சி குறைவு என்பன போன்ற பொய்க் கொள்கைகளுள் ஒன்றையேனும் மெய்யென்று நம்பியவர் ஏறத்தாழப் பாதிப்பேர். அவ்வாறு நம்பியோர் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டு, சிகிச்சையிலும் தவறினார்கள். அடிமை முறையை நியாயப்படுத்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோட்ட மருத்துவர்கள் பரப்பிய கதைகள் இவை. அவர்களுள் ஒருவரான சாமுவேல் கார்ட்ரைட், கறுப்பருடைய நுரையீரல் இயல்பிலேயே வலிமை குன்றியது என்று 1850களில் எழுதினார். அந்த எண்ணத்தின் வழித்தோன்றலாகவே, மூச்சின் கொள்ளளவை அளக்கும் ஸ்பைரோமீட்டரில் கறுப்பருக்கு 10 முதல் 15 விழுக்காடும் ஆசியருக்கு 4 முதல் 6 விழுக்காடும் தள்ளுபடி செய்யும் வழக்கம் நம் காலம் வரையில் நீடித்தது. வேலைத்தலத்தின் தூசியால் நுரையீரல் கெட்ட தொழிலாளிக்கும், அந்தத் தள்ளுபடியின் பின் அளவு சரியாகவே இருப்பதாகத் தோன்றலாம். இனத்தைச் சேர்க்காத கணக்கையே கையாளுமாறு அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2023ஆம் ஆண்டு பரிந்துரைத்தது.

இந்தத் தீமைக்குப் பரிகாரமாகக் கல்லூரிகள் பல செய்த காரியம், மாணவரை ஒருநாள் உட்கார வைத்து, உள்ளத்தில் ஒளிந்திருக்கும் இனவெறுப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்வது. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதேயாயினும், இதில் எனக்கு நம்பிக்கை குறைவு. பிரசங்கம் கேட்டுத் திரும்பும் மாணவர் மறுநாள் அதே படங்களைப் பார்த்து, அதே சூத்திரத்தை மனனம் செய்து, அதே வினாத்தாளுக்கு விடை எழுதுவாராயின் என்ன பயன்? அன்றியும், நீ குற்றவாளி என்று பொதுவாகச் சாற்றப்பட்டவர் மனம் மூடிக்கொள்வதும் இயற்கை. பல்வகைமை முயற்சிகளுக்கு எதிராக அமெரிக்காவில் அரசியல் புயல் எழுந்து, வைத்தியக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் அளிக்கும் குழு தன் விதிகளிலிருந்து அந்த அம்சத்தை 2025ஆம் ஆண்டு நீக்கிவிட்டபோது, முதலில் வாடியவை இத்தகைய சடங்குகளே. சூத்திரத்துக்குள் நுழைந்து செய்யப்பட்ட திருத்தமோ வேறு வகையானது.

சிறுநீரகத்தின் கதை அதற்கு உதாரணம். ரத்தத்திலுள்ள கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவைக்கொண்டு சிறுநீரகத்தின் திறனைக் கணக்கிட 1999ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட சமன்பாட்டில், நோயாளி கறுப்பராயின் விடையை ஏறத்தாழ 1.2 ஆல் பெருக்க வேண்டும் என்று இருந்தது. கறுப்பருக்குத் தசை அதிகம் என்ற அனுமானம் அதற்குக் கூறப்பட்ட காரணம். வறியவரும் செல்வரும், மெலிந்தவரும் தடித்தவரும், ஒரு பெற்றோர் மட்டும் கறுப்பராக உள்ளவரும் என எல்லாரும் ஒரே பெருக்கலுக்கு ஆளானார்கள். விடை உயர்வதால் நோய் உள்ளதைவிட இலேசாகத் தோன்றும். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் திறன் 20க்கோ அதற்குக் கீழோ இறங்கியது முதல் காத்திருப்புக் காலம் கணக்கிடப்படும் ஆதலின், பெருக்கப்பட்டவர் பிந்திச் சேர்ந்தார். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் எழுந்து கேட்டவர்கள் மாணவர்கள். பல கல்லூரிகளில் அவர்கள் விடாது கேட்டதனால், வாஷிங்டன் பல்கலைக்கழகம் போன்ற சில ஸ்தாபனங்கள் 2020ஆம் ஆண்டளவில் பெருக்கலைக் கைவிட்டன. தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் சங்கமும் கூடி ஆராய்ந்து, 2021ஆம் ஆண்டு இனம் சேராத புதிய சமன்பாட்டை நாடு முழுமைக்கும் பரிந்துரை செய்தன. அதோடு நில்லாமல், பழைய கணக்கால் காலம் இழந்த கறுப்பின நோயாளிகளைக் கண்டுபிடித்து, அவர்கள் இழந்த காலத்தைத் திருப்பித் தருமாறு 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எல்லா மாற்று உறுப்பு மருத்துவமனைகளுக்கும் ஆணையிடப்பட்டது. ஓராண்டு அளவில் 14,000 பேருக்கு மேற்பட்டோரின் காத்திருப்புக் கணக்கு திருத்தப்பட்டது. சராசரியாக ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாகச் சேர்ந்தன, அவர்களில் பலர் சிறுநீரகமும் பெற்றுவிட்டனர்.