கோவையில் ஊசிப் பஞ்சம்

2021-ம் வருஷம் மே மாத இறுதியில் தினசரி கொரோனா நோயாளிகளின் தொகையில் கோயமுத்தூர் ஜில்லா சென்னையையும் மிஞ்சிற்று. பாமர ஜனங்கள் ஊசிக்கு அஞ்சி ஓடுவதே இதற்குக் காரணமென்று படித்தவர் சிலர் பரிகசித்தனர். அச்சம் இருந்தது மெய்யே. ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட மறுநாள் மாரடைப்புற்று, அதற்கடுத்த நாள் காலமானபோது அது பெருகவும் செய்தது. ஊசி அதற்குக் காரணமன்றென்று நிபுணர் குழு அறிவித்தது பின்னரே.

ஆயின் ஜூலையில் நாம் நேரில் கண்டது வேறு. விடியுமுன் ஒரு பள்ளிக்கூட வாசலில் வரிசை தெருக்கோடி வரை நீண்டிருந்தது. நமக்கு முன்னே நின்றவர் ஒரு மில் தொழிலாளி. இராச் ஷிப்டு முடித்து நேரே வந்தவர். பிளேக் மாரியம்மனுக்குக் கோவில் எடுத்த ஊர் இது. நெற்றியில் அம்மன் குங்குமத்துடனேயே பலர் நின்றனர். கதவு திறந்த சிறிது நேரத்தில் டோக்கன் தீர்ந்ததென்றார்கள். மூன்றாம் நாளே நமக்கு ஊசி கிடைத்தது. ஓரிரவு ஜுரம், அது பெரிதன்று. அத்தொழிலாளி இழந்த உறக்கத்திற்கும் கூலிக்கும் யார் ஈடு செய்வது? குன்னூரில் 1907-லேயே பாஸ்டர் நிலையம் கண்ட நாடு நம்முடையது. செங்கற்பட்டிலோ, பல நூறு கோடி பொதுப்பணத்தில் எழுந்த தடுப்பு மருந்துத் தொழிற்சாலை அந்த ஜூலையிலும் ஒரு குப்பி மருந்தேனும் தராமல் பூட்டிக் கிடந்தது.