விமானி வேலை விலைக்கு வருவதில்லை

புவிசார் குறியீடு பெற்ற பட்டுக்குப் பெயர்போன ஆரணியிலும் அதைச் சூழ்ந்த சேவூர், தேவிகாபுரம் முதலிய ஊர்களிலும் தறியை நம்பி வாழும் குடும்பங்கள், அடுத்த தலைமுறையைத் தறியிலிருந்து விடுவிக்கும் வழியைக் கல்வியில் தேடுவது புதிதன்று. அத்தேடலில் இப்போது பைலட் வேலையும் சேர்ந்துள்ளது. ஆசையில் தவறில்லை, அந்த ஆசையோடு பணம் கைமாறும் முறையில்தான் தவறு இருக்கிறது. பெரிய விமான நிறுவனத்தில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்டிடம் முன்பணம் கட்டுவது, ஏவியேஷன் பட்டயப் படிப்பை விமானிப் பயிற்சி என்று நம்பிச் சேர்வது, ஏமாந்த பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் தந்த காலத்தைக் கடத்துவது ஆகிய மூன்று பிழைகளும் திரும்பத் திரும்ப நிகழ்கின்றன. அதிக வட்டி தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய ஆருத்ரா கோல்டு நிறுவனத்தின் மீது 2022இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தபோது, பணத்தை இழந்து நின்றவர்களில் வட ஆற்காட்டு மக்கள் திரளாக இருந்தனர். அந்தப் பட்டறிவுக்குப் பிறகும் ரசீது இல்லாமல் ரொக்கம் கொடுக்கும் பழக்கம் இப்பகுதியில் மாறவில்லை என்பது வருந்தத்தக்கது.

விமானி வேலைக்கு அடிப்படை உரிமம். கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் எனப்படும் வணிக விமானி உரிமத்தை வழங்கும் அதிகாரம், புதுடெல்லியில் உள்ள சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கு, அதாவது டிஜிசிஏவுக்கு மட்டுமே உண்டு. பதினெட்டு வயது நிறைவு, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும், முதல் வகுப்பு மருத்துவத் தகுதி, எழுத்துத் தேர்வுகளில் ஒவ்வொரு தாளிலும் 70 விழுக்காடு, குறைந்தது 200 மணி நேரப் பறத்தல் ஆகியவை நடைமுறை விதிகளின் தேவைகள். அவ்விரு பாடங்களையும் பள்ளியில் படிக்காதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதித் தேறலாம். பி.பி.ஏ. ஏவியேஷன், ஏர்போர்ட் மேனேஜ்மென்ட் போன்ற பட்டங்களும் பட்டயங்களும் தரைப்பணி வேலைகளுக்கு உதவக்கூடும்; அவற்றால் ஒரு மணி நேரப் பறத்தல் அனுபவமும் கிடைக்காது, உரிமமும் கிடைக்காது. விளம்பரப் பலகையில் விமானத்தின் படம் இருப்பதால் அது விமானிப் பள்ளி ஆகிவிடாது.

செலவுக்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை மருத்துவப் பரிசோதனை. பயிற்சிச் செலவு நாற்பது, ஐம்பது லட்சம் ரூபாயைத் தொடும் நிலையில், வீட்டை அடமானம் வைத்த பிறகு நிறப்பார்வைக் குறையோ இதயக் குறையோ வெளிப்பட்டால் அக்குடும்பம் எழ முடியாது. டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவர்களின் பட்டியல் அதன் இணையதளத்தில் உள்ளது. சென்னையிலும் அத்தகையோர் இருக்கின்றனர். அவர்களில் ஒருவரிடம் முதலில் இரண்டாம் வகுப்புப் பரிசோதனையை முடித்து, அதன் முடிவு டிஜிசிஏவின் இ-ஜிசிஏ தளத்தில் ஏறிய பின், பெங்களூரில் இந்திய விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் முதல் வகுப்புப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கண்ணாடி அணிவது தானாகவே தகுதிக்குறைவு ஆகாது. தகுதியில்லை என்ற முடிவு வந்தாலும் மேல்முறையீட்டுப் பரிசோதனை கேட்க வழியுண்டு. முதல் வகுப்புச் சான்று கைக்கு வரும்வரை எந்தப் பள்ளிக்கும் ஒரு ரூபாய்கூட கட்டலாகாது. மருத்துவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எந்தப் பள்ளி சொன்னாலும் அதை நம்பலாகாது.

அடுத்தது சான்றிதழ். தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் தடுமாறும் இடம் இதுவே. பத்தாம் வகுப்புச் சான்றில் தலைப்பெழுத்தோடு ஒரு பெயர், ஆதாரில் தந்தையின் பெயர் விரிந்த இன்னொரு வடிவம், கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் வேறொன்று என்று நம் பிள்ளைகளின் பெயர்கள் மூன்று விதமாக இருக்கின்றன. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கத்தை எண்ணி அமைக்கப்பட்ட மத்திய அரசுப் படிவங்கள் நம் தலைப்பெழுத்து முறையைப் புரிந்துகொள்வதில்லை. வேறுபாடு இருந்தால், தமிழ்நாடு அரசின் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வழியாகப் பெயர் மாற்றத்தை அரசிதழில் வெளியிட்டு, அதன்படி ஆதாரையும் கடவுச்சீட்டையும் திருத்திக்கொண்ட பிறகே இ-ஜிசிஏ தளத்தில் பதிவு செய்வது நல்லது. எழுத்துத் தேர்வுக்கு முன் டிஜிசிஏ தரும் தேர்வர் அடையாள எண் கம்ப்யூட்டர் நம்பர் எனப்படும். அதற்கு மதிப்பெண் சான்றின் உண்மைத்தன்மையைத் தேர்வு வாரியம் உறுதிசெய்ய வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு அச்சான்றைத் தருவது சென்னையில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககம். இவ்வளவு முக்கியமான நடைமுறைகளில் ஒன்றையும் டிஜிசிஏ தமிழில் விளக்கி வைக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் ஏஜென்ட் நுழைகிறார், இலவசமாகக் கிடைக்கும் தகவலுக்கு விலை வைக்கிறார்.

பறத்தல் பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது, அதன் பெயர் டிஜிசிஏவின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா என்பதை அத்தளத்திலேயே பார்க்க வேண்டும். பள்ளி காட்டும் நகலை நம்பலாகாது. 2025 அக்டோபர் முதல் டிஜிசிஏ இப்பள்ளிகளுக்குத் தரவரிசையும் வெளியிடுகிறது; அந்த முதல் பட்டியலில் மிக உயர்ந்த இரு நிலைகளில் ஒரு பள்ளிகூட இடம்பெறவில்லை என்பதே பெற்றோரை எச்சரிக்கப் போதுமானது. பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் உள்ளன, பயிற்றுநர்கள் எத்தனை பேர், 200 மணி நேரத்தை முடிக்கச் சென்ற அணிக்கு எத்தனை மாதம் ஆயிற்று என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேட்பது பெற்றோரின் உரிமை. கட்டணத்தை மொத்தமாகக் கட்டாமல், பறந்து முடித்த மணிக்கணக்கோடு இணைத்த தவணைகளாகக் கட்டும் ஒப்பந்தம் வேண்டும்; இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற விதியும் அதில் இருக்க வேண்டும். வெற்றுக் காசோலையிலும் வெற்றுப் பத்திரத்திலும் கையெழுத்திடக் கூடாது. ஒரே நாளில் ஒருவரிடமிருந்து இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது என்பதால், ரொக்கம்தான் வேண்டும் என்பவர் சட்டத்தை மீறியே தொடங்குகிறார். வங்கியில் கல்விக் கடன் கேட்பவரிடம் மேலாளர் டிஜிசிஏ அங்கீகாரக் கடிதம் கேட்பது தொல்லையாகத் தோன்றலாம். உண்மையில் அது செலவில்லாத சோதனை.

உரிமம் பெற்றவர் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும் வழி ஒன்றே: இண்டிகோ, ஏர் இந்தியா போன்றவை தம் சொந்த வேலைவாய்ப்புப் பக்கத்தில் அறிவிக்கும்போது அங்கேயே நேராக விண்ணப்பித்தல். எழுத்துத் தேர்வு, மனத்திறன் சோதனை, விமான இயக்கத்தைத் தரையில் போலச்செய்து காட்டும் சிமுலேட்டர் சோதனை, நேர்காணல் ஆகியவற்றுக்குப் பின்னரே நியமனம் வரும். குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டத் தகுதி தரும் டைப் ரேட்டிங் பயிற்சிக்குப் பல லட்சம் செலவாகும். அதை யார் ஏற்பது, பணியில் எத்தனை ஆண்டு நீடிக்க வேண்டும் என்பவை ஒப்பந்தத்தில் இருக்கும். உரிமம் இல்லாதவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றும் கேடட் பைலட் திட்டங்களும் உண்டு. அவற்றில் கட்டணம் இருந்தாலும், நிறுவனத்தின் இணையதளம் பெயர் குறிப்பிடும் பயிற்சிப் பள்ளிக்கே, வங்கி வழியாகவே கட்ட வேண்டும். நியமனத்துக்காகப் பணம் வாங்குவதில்லை என்று விமான நிறுவனங்களே எச்சரிக்கை வெளியிட்டுள்ளன. செக்யூரிட்டி டெபாசிட், யூனிஃபார்ம் கட்டணம், ஃபைல் கட்டணம் என்று எப்பெயரில் கேட்டாலும், ஜிமெயில் முகவரியிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்தாலும், அது மோசடி. இதை மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது: வேலைக்காகக் கேட்கப்படும் பணம் எப்பெயரில் வந்தாலும் மோசடியே.

குறுக்கு வழி கிடைத்துவிட்டால் நல்லது என்று எண்ணுவோர் 2011ஐ நினைவுகொள்ள வேண்டும். போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் பெற்ற விமானிகள் அவ்வாண்டு மார்ச்சில் டெல்லி காவல்துறையால் கைது செய்யப்பட்டனர். பின்னர் உரிமங்கள் நாடு முழுவதும் மறு ஆய்வுக்கு உள்ளாயின. நேர்வழியில் வந்தவருக்கும் வேலை உறுதியன்று: ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மேயிலும் பறப்பதை நிறுத்தின. கடன் வாங்கும் குடும்பம் இக்கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டு விமான நிறுவன வேலை என்று சொல்பவர், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அத்தகைய முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. ஐயம் இருப்பின் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் கேட்கலாம்.

ஏமாந்துவிட்டால் முதல் சில மணி நேரமே பணத்தைக் காக்கும். இணையவழியோ யு.பி.ஐ. வழியோ பணம் போயிருந்தால், பரிமாற்ற எண், தேதி, தொகை, பெற்றவரின் கணக்கு விவரம் ஆகியவற்றுடன் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் வேறு கணக்குக்கு மாறும் முன் முடக்க அதுவே வழி. பிறகு ஆரணி நகர காவல் நிலையத்திலோ திருவண்ணாமலை சைபர் குற்றக் காவல் நிலையத்திலோ எழுத்தில் புகார் தர வேண்டும். ஏமாற்றிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது என்று காரணம் காட்டிக் காவலர்கள் அங்கே போகச் சொல்வது தவறு. எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு சொல்கிறது, அதன் நகலையும் இலவசமாகத் தர வேண்டும். நிலையங்களில் கைக்கு வருவது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது மட்டுமே, அது மனு வந்ததற்கான ஒப்புகை, முதல் தகவல் அறிக்கை அன்று. இவ்வேறுபாடு தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருப்போர் பலர். வழக்குப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் புகாரை அனுப்பி, அதன் பின்னும் நடவடிக்கை இல்லையெனில் நடுவர் நீதிமன்றத்தை அணுகலாம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு கொடுத்துவிட்டு வீட்டில் அமர்ந்திருப்பது இதற்கு மாற்றாகாது. அம்மனு சுற்றிச் சுற்றிக் காவல்துறைக்கே வந்து சேரும்.

கட்டணத்தைத் திரும்பப் பெற, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். கட்டிய தொகை 50 லட்சம் வரை இருந்தால் அதுவே உரிய இடம். ஐந்து லட்சம் வரை மனுக் கட்டணமே இல்லை, 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய்தான். ஒப்பந்தத்தில் டெல்லி நீதிமன்றம் என்று அச்சிட்டிருந்தாலும், வாதி குடியிருக்கும் மாவட்டத்தில் வழக்கிட இச்சட்டம் இடம் தருகிறது. தாம் கல்வி நிறுவனம், இச்சட்டத்துக்கு உட்பட்டவரல்லர் என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். கோச்சிங் சென்டர் எனப்படும் பயிற்சி மையங்களுக்கு அந்த விலக்கு இல்லை என்று தேசிய ஆணையம் 2020இல் கூறியுள்ளதை வழக்கறிஞருக்கு நினைவூட்ட வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியற்றவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணில் பேசலாம்.

இவ்வழக்குக்கான கால வரம்பு இரண்டு ஆண்டுகள். அடுத்த மாதம் தருகிறேன், தீபாவளிக்குத் தருகிறேன் என்று ஏஜென்ட் சொல்லும் தவணைகள் அந்த இரண்டு ஆண்டுகளைத் தின்னவே சொல்லப்படுகின்றன. பணம் கட்டி ஏமாந்திருப்போர், ரசீதில் உள்ள தேதியை இன்றே எடுத்துப் பார்த்து, இந்த வாரத்துக்குள் புகாரை எழுதிக் கொடுக்க வேண்டும்.