கிளம்ப மறுக்கும் புல் வெட்டும் மிஷின்

திருப்பூர் மாவட்டத்தில் களையெடுக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. பனியன் கம்பெனி வண்டி ஊருக்கே வந்து ஆட்களை ஏற்றிச் செல்கிறது. ஆகவே உடுமலைத் தென்னந்தோப்பிலும் மூலனூர் முருங்கைக் காட்டிலும் பெட்ரோலில் ஓடும் புல் வெட்டும் மிஷினே கைகொடுக்கிறது. கோடை முழுதும் மூலையில் கிடந்த மிஷின், ஐப்பசி மழைக்குப்பின் கிளம்ப மறுத்தால், பட்டறைக்குப் போய் வருவதற்குள் களை விதை கட்டிவிடும். பெரும்பாலும் கோளாறு சிறியதே; விவசாயிகள் தாங்களே சரி செய்யலாம்.

பெட்ரோல்: இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்துள்ளது. அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் கிடந்தால் தண்ணீர் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். கார்புரேட்டரில் பிசின் படியும். எனவே பழையதை முழுதும் வடித்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். டூ ஸ்ட்ரோக் மிஷினுக்கு ஆயிலை மிஷினுடன் வந்த புத்தகத்தில் கண்ட அளவில் கலக்கவும். 50க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் என்ஜின் ஆயில் மட்டத்தைப் பார்க்கவும்.

பிளக்: ஸ்விட்ச் 'ஆன்' நிலையில் இருந்தும், சோக் போட்டு நாலைந்து முறை கயிற்றை இழுத்தும் கிளம்பாவிட்டால், ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவும். நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம் ஏறிவிட்டது. பனியன் துணியால் துடைத்து, பிளக் இல்லாமலே கயிற்றைச் சிலமுறை இழுத்து, உள்ளே உள்ள பெட்ரோலை வெளியேற்றவும். பிறகு பிளக்கை மாட்டி, சோக் இல்லாமல் கிளப்பவும். கரி பிடித்திருந்தால் சுரண்டி எடுக்கவும். பிளக் முனை இடைவெளி பெரும்பாலும் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் இருக்கும். தேய்ந்திருந்தால் புதியது போடுவதே மேல்.

கார்புரேட்டர்: பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று பொருள். டேங்கில் உள்ள சிறு பில்டரையும் ரப்பர் குழாயையும் முதலில் பார்க்கவும். அவை சரியாக இருந்தால் கார்புரேட்டர் ஜெட்டைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யவும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிக் கெட்டுவிடும்.

ஏர் பில்டர்: பஞ்சு பில்டரைச் சோப்பு நீரில் அலசி நன்கு உலர்த்தவும். காகித பில்டரை நனைக்கக் கூடாது, தட்டினால் போதும்.

இவ்வளவும் செய்தபின்னும் கிளம்பாமல், கயிறு இழுக்கையில் எதிர்ப்பே இல்லாமல் லேசாக வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அப்போது மட்டும் மெக்கானிக்கை நாடவும்.

வேலை செய்யும் இடத்தில் பீடி, சிகரெட் கூடாது. பிளேடைத் தொடுமுன் பிளக் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். பருவம் முடிந்து மிஷினை எடுத்து வைக்கும்போது, டேங்கைக் காலி செய்து, என்ஜின் தானே நிற்கும்வரை ஓட்டி வைத்தால் அடுத்த மழைக்குத் தொல்லை இராது.