மனை வாங்கப் போறீங்களா? முதல்ல ஓடையைக் கேளுங்க!

போடிநாயக்கனூரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே குரங்கணி மலை மட்டும் கறுத்துக் கிடக்கும். கொஞ்ச நேரத்தில் கொட்டகுடி ஆறு செந்நிறமாகப் பொங்கி, அணைப்பிள்ளையார் அணையைத் தாண்டிப் பாயும். 'மலையில மழை' என்று ஒருவர் குரல் கொடுத்தால் போதும், உள்ளூர்க்காரர்கள் கரையேறிவிடுவார்கள்.

ஆனால், ஓடையை ஒட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று மனை வாங்கும் வெளியூர்க்காரருக்கு யார் குரல் கொடுப்பது? அந்த வேலையைச் செய்வதுதான் வெள்ள அபாய வரைபடம்.

நூறு வருஷக் கணக்கு

பல ஆண்டு மழை அளவு, நிலத்தின் மேடு பள்ளம், ஆற்றின் அகலமும் ஆழமும், பழைய வெள்ளம் எட்டிய இடம்... இவற்றைச் சேர்த்துத்தான் இந்த வரைபடம் தயாராகிறது. இதில் 'நூறாண்டு வெள்ளம்' என்று ஒரு கோடு இருக்கும். 'ஒருமுறை வந்துவிட்டது, இனி நூறு வருஷத்துக்குக் கவலையில்லை' என்று அர்த்தம் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் வெள்ளம் வர 1 சதவிகித வாய்ப்பு உண்டு என்பதே பொருள். 30 ஆண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் வெள்ளம் வீட்டைத் தொட ஏறக்குறைய 26 சதவிகித வாய்ப்பு. அதாவது, நான்கில் ஒன்று!

அமெரிக்காவில் 1968-லேயே அரசு வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் வந்துவிட்டது. இந்தக் கோட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு வங்கிக் கடன் வாங்கினால், வெள்ளக் காப்பீடு கட்டாயம். இந்தியாவில் வெள்ளச் சமவெளியை மண்டலங்களாகப் பிரிப்பதற்கான மாதிரிச் சட்டத்தை மத்திய அரசு 1975-ல் மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தரகாண்ட் போன்ற சில மாநிலங்களே சட்டம் இயற்றின.

மலைச்சரிவின் கணக்கு வேறு

சமவெளியில் 'எத்தனை அடி தண்ணீர்' என்பது கேள்வி. ஏலமலைச் சரிவில் 'எவ்வளவு வேகம், கூடவே எவ்வளவு மண்ணும் பாறையும்' என்பது கேள்வி. அதனால் வெள்ள வரைபடத்தோடு நிலச்சரிவு வரைபடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒருகாலத்தில் ரயில் ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்து சேர்ந்தன. 1924 ஜூலைப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையையே அழித்துவிட்டது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளை மூடியது. 70 உயிர்கள் போயின. அவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர்.

காப்பீடு கைகொடுக்குமா?

கொடுக்கும். 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுக் காப்பீடு நடைமுறையில் இருக்கிறது. தீ விபத்தோடு புயல், வெள்ளம், நிலச்சரிவும் இதில் அடங்கும். கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவிகிதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, வீட்டுப் பொருள்களுக்கும் பாதுகாப்பு உண்டு. ஒன்றை மறக்கக் கூடாது: காப்பீடு வீட்டைத் திரும்பக் கட்டும் செலவுக்குத்தான். அடித்துச் செல்லப்பட்ட நிலத்துக்குப் பணம் வராது.

பத்திரத்துக்கு முன்...

* வருவாய்த் துறையின் இணையதளத்தில் புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் பாருங்கள். மனைக்குள்ளோ பக்கத்திலோ ஓடை, வாய்க்கால் புறம்போக்கு இருக்கிறதா என்பது தெரியும்.

* இஸ்ரோவின் 'புவன்' தளத்தில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, மனைக்கு மேலே எந்தச் சரிவிலிருந்து தண்ணீர் இறங்குகிறது என்று கவனியுங்கள்.

* மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். கோடையில் எல்லா ஓடையும் பாதை மாதிரிதான் தெரியும்.

* காப்பீடு எடுத்தால், வீட்டையும் பொருள்களையும் படமெடுத்து வையுங்கள். சேதம் என்றால் உடனே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

கடைசியாக, பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருக்கும் பெரியவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'ஐயா, இங்க எதுவரைக்கும் தண்ணி வந்துச்சு?' அவர் கை காட்டும் சுவர், எந்த வரைபடத்திலும் இல்லாத கோடாக இருக்கலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்!