கடன் வாங்குவதும் கடன்படுவதும்



சில மாதங்களுக்கு முன் ஒரு அம்மா ஒரு தாளைக் கொண்டு வந்து காட்டினார். பக்கத்து லயத்துப் பிள்ளை எடுத்த கடனுக்கு இவர் பிணைக் கையெழுத்து வைத்திருந்தார். "நான் அஞ்சு சதம் வாங்கலீங்களே ஐயா, என்னையக் கட்டச் சொல்றாங்களே" என்று அழுதார்.

தாளைப் படித்தேன். கடன்பட்டவர் கட்டத் தவறினால் "நான் செலுத்தக் கடமைப்பட்டுள்ளேன்" என்று இருந்தது. அந்தச் சொல்லை யாருமே அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை.

கஷ்டப்படுகிறோம், துன்பப்படுகிறோம் என்கிறோம். அதே "படு"தான் இங்கேயும். கடன் வாங்குவது ஒருநாள் காரியம். கடன்படுவது அப்படியல்ல. கடைசிச் சதத்தைக் கட்டும் வரைக்கும் நாம் கடன்பட்டவர்தான். தீபாவளி முற்பணத்தை எடுத்துப் பாருங்கள். வாங்குவது ஒருநாள், சம்பளத்தில் பிடிப்பதோ பல மாதம்.

கடமைப்படுவது வேறு. பணம் வாங்காவிட்டாலும் ஒரு காரியத்தைச் செய்யக் கட்டுப்படுவது அது. கூட்டத்தில் "நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளேன்" என்றால் அது மரியாதைப் பேச்சு. கையெழுத்து வைத்த தாளில் அதே சொல் வந்தால், வழக்கு வரைக்கும் போகலாம்.

இந்தச் சொல்லின் பாரம் நம் முன்னோருக்கு நன்றாகத் தெரியும். தென்னிந்தியாவிலிருந்து வந்த வழிச்செலவும் முற்பணமும் அவர்கள் பெயரில் கடனாக ஏறியது. தோட்டம் மாறுவதானால் "துண்டு" வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் ஆட்களை விடுவோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டும். ஆனால் கடன் தீராது, ஆளோடு கூடவே போகும். 1921ஆம் ஆண்டில்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

நாம் மட்டுமா கடமைப்பட்டவர்கள்? நிர்வாகமும்தான். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடிப்பார்கள். நிர்வாகம் தன் பங்காக 12 கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 கட்ட வேண்டும். இந்த 12ஐயும் 3ஐயும் நம் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அது நமக்குச் செய்யும் தர்மம் அல்ல, அவர்கள் கடமை. சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். விளங்காவிட்டால் கேளுங்கள்.

அந்த அம்மாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கடன் கொடுத்த இடத்துக்குப் போனேன். தவணை கொடுத்தார்கள். பிள்ளை இப்போது மாதாமாதம் கட்டுகிறது. ஆனாலும் முழுக்கக் கட்டி முடியும் வரை அம்மாவின் கையெழுத்து அங்கேதான் இருக்கும்.

ஆகவே, கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைப்பதற்கு முன் தாளை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எவ்வளவு தொகை, என்ன வட்டி, எத்தனை மாதம், கட்டத் தவறினால் யார் பொறுப்பு? இந்த நாலையும் கேளுங்கள். ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டும் ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் அதையே வாசிக்கச் சொல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.