வீட்டு மின்னிசைக்கூடம்

வீட்டு மின்னிசைக்கூடம் என்பது சிந்தசைசர்களைக் கொண்டு வீட்டிலேயே இசையமைத்துப் பதிவு செய்ய உதவும் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் ஆகும். பல கருவிகளின் ஒலிகளை ஒன்றிணைக்கும் மிக்சர் எனப்படும் ஒலிக்கலவைக் கருவியும், எதிர்முழக்கம், எதிரொலி, கோரஸ் முதலிய ஸ்டீரியோ ஒலிவிளைவுகளும் இதன் முக்கிய உறுப்புகள் ஆகும். உள்ளீடுகளின் தேவையையும், இசை இறுதியில் எங்கே கேட்கப்படும் என்பதையும் கருத்தில் கொண்டு இவை தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு, ஏ. ஆர். ரகுமான் 1989 ஆம் ஆண்டு சென்னை கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி அமைத்த பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடம் ஆகும். கருவிகள் வாங்கத் தம் தாயாரின் நகைகள் உதவியதாக அவர் பின்னாளில் கூறியுள்ளார். 1992 இல் வெளிவந்த ரோஜா திரைப்படத்தின் இசை இக்கூடத்தில் உருவானது. அப்படத்துக்காக ரகுமான் தேசியத் திரைப்பட விருது பெற்றார்.

மிக்சரைத் தேர்ந்தெடுத்தல்

சிந்தசைசர் ஒன்றின் ஸ்டீரியோ வெளியீடு, இடம் வலம் என இரண்டு உள்ளீடுகளை எடுத்துக்கொள்ளும். மூன்று சிந்தசைசர்களும் ஒரு தாளக்கருவியும் இருப்பின் எட்டு உள்ளீடுகள் தேவை. விளைவுக்கருவியிலிருந்து திரும்பி வரும் ஒலிக்கு இரண்டும், ஒலிவாங்கிக்கு ஒன்றும் சேர்த்தால் இத்தேவை பதினொன்றாகிறது. எனவே எட்டு உள்ளீடுள்ள மிக்சர் இதற்குப் போதாது.

காஞ்சிபுரத்தின் நெசவாளர் தெருக்களில் தறியோசை வீட்டுக்குள்ளும் கேட்கும். சிந்தசைசரின் ஒலி கம்பிவடம் வழியே நேராக மிக்சரை அடைவதால் தறியோசை அதில் கலப்பதில்லை. ஆனால் குரலையோ நாதசுவரத்தையோ ஒலிவாங்கி மூலம் பதியும்போது தறியோசையும் உடன் பதிவாகும். தறி ஓய்ந்த நேரத்தில் பதிவதே இதற்கு எளிய வழி. மின்தேக்கி வகை ஒலிவாங்கியைப் பயன்படுத்துவோர், மிக்சரில் 48 வோல்ட் மின்னூட்ட வசதி உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

யூ.எஸ்.பி. இணைப்புள்ள மிக்சர்களில் சில, கலந்து முடிந்த இரண்டு தடங்களை மட்டுமே கணினிக்கு அனுப்பும். அவற்றில் பதிந்த பின்னர் ஒரு கருவியின் ஒலியை மட்டும் தனியே திருத்த இயலாது.

ஒலிவிளைவுகளை இணைத்தல்

மிக்சரின் துணை வெளியீடு மூலம் பல கருவிகளின் ஒலியை ஒரே எதிர்முழக்கக் கருவிக்கு அனுப்பலாம். கருவிக்கு ஒரு விளைவுக்கருவி வாங்கும் செலவு இதனால் தவிர்க்கப்படும். இத்துணை வெளியீடு ஒலியளவு நெம்புக்குப் பின்னர் அமைந்திருத்தல் நன்று. அப்போதுதான் கருவியின் ஒலியைக் குறைக்கும்போது அதன் எதிர்முழக்கமும் சேர்ந்து குறையும். இரண்டு துணை வெளியீடுகள் இருப்பின் ஒன்றை எதிர்முழக்கத்துக்கும் மற்றதை எதிரொலிக்கும் ஒதுக்கலாம்.

மோனோ சோதனை

ஒரே ஒலியை ஒரு பக்கம் மட்டும் சில மில்லிநொடிகள் தாமதப்படுத்தினால், தலையணி ஒலிபெருக்கியில் அது அகன்று விரிந்ததாகக் கேட்கும். ஆனால் இரு பக்கங்களையும் மோனோவாக ஒன்று கூட்டும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். எடுத்துக்காட்டாக, தாமதம் 10 மில்லிநொடியாகவும் இருபக்க ஒலியளவு சமமாகவும் இருந்தால் 50, 150, 250 எர்ட்சு என்ற வரிசையில் ஒலி மறையும். இதனால் இசை வெறுமையாகத் தோன்றும்.

திருவிழாக் காலங்களில் தெரு நெடுகக் கட்டப்படும் ஒலிபெருக்கிகளில் பொதுவாக மோனோ ஒலியே கேட்கிறது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் கருடசேவை போன்ற விழாக்களுக்கெனப் பக்திப் பாடல் அமைப்பவர் இதை மறத்தல் ஆகாது. இடம் வலம் இரண்டையும் நடுவுக்குத் திருப்பி ஒருமுறை கேட்டாலே குறை தெரிந்துவிடும். அவ்வாறு கேட்கையில் முதன்மை மெட்டு மங்கினால், அதற்கு இட்ட கோரஸ் அல்லது தாமத விளைவைக் குறைக்க வேண்டும்.