மூன்று எண்கள், ஒரு குடும்பம்

(இளம் அறிவியல் – கணிதம், இரண்டாம் ஆண்டு)

ஆண்டு மலரில் கணிதக் கட்டுரை என்றால் வள்ளுவரையோ இராமானுசனையோ முன்னிறுத்தித் தொடங்குவது மரபு. அவ்விருவரையும் இம்முறை ஓய்வெடுக்க விட்டு, இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகளைக் கொண்டு தொடங்குகிறேன். பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

அவள் எங்கள் வீட்டில் தங்கித்தான் படிக்கிறாள். சென்ற ஆவணி மாதத்தில் ஒரு நாள் அவளுடைய கணக்கு நோட்டில் சிவப்பு மையால் “கணக்கில் மிகவும் மந்தம்” என்று எழுதி வந்திருந்தது. என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். சற்று நேரம் பேசாதிருந்த அம்மா, “நம்ம வீட்டுக்குக் கணக்கு வராதுப்பா. ஏதோ நீ ஒருத்தன் தப்பிச்சே” என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற குழந்தை அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் வயிற்று வலி என்றாள். அதற்கு அடுத்த நாளும் அதே வயிற்று வலி.

நோட்டைப் புரட்டினேன். 8 − 3 = 5 என்று சரியாகவே எழுதியிருந்தாள். ஆனால் அதே பக்கத்தில், 3 உடன் எதைக் கூட்டினால் 8 வரும் என்ற கட்டத்தை நிரப்பும் கணக்கிற்கு 11 என்று எழுதியிருந்தாள். கூட்டல் குறியைக் கண்டதும் கண்ணில் பட்ட எண்களையெல்லாம் கூட்டிவிட்டாள். இவ்விரண்டும் ஒரே செய்தியின் இரு முகங்கள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. இதை மந்தம் என்று எப்படிச் சொல்வது? தனித்தனியாகக் கற்பித்ததைத் தனித்தனியாகவே கற்றிருக்கிறாள்.

3, 5, 8 ஆகிய எண்களை எடுத்துக்கொள்வோம். 3 + 5 = 8, 5 + 3 = 8, 8 − 3 = 5, 8 − 5 = 3. இந்நான்கும் ஒரு குடும்பம். ஒன்றை அறிந்தவன் மற்ற மூன்றையும் அறிந்தவனாகிறான். ஒரு முக்கோணம் வரைந்து உச்சியில் 8-ஐயும் கீழே 3, 5 ஆகியவற்றையும் எழுதிவிட்டால் நான்கையும் அதிலேயே படித்துக்கொள்ளலாம்.

இதனால் குறையும் சுமையைக் கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. 0 முதல் 9 வரையுள்ள எண்களை இரண்டிரண்டாகக் கூட்டினால் 100 கூட்டல் உண்மைகள். அவற்றைத் திருப்பினால் 100 கழித்தல் உண்மைகள். ஆக 200. குடும்பமாகப் பிரித்தால் வேறுவேறான இரு எண்கள் சேர்வன 45. ஒவ்வொன்றிலும் நால்வர், ஆக 180. ஒரே எண் இரட்டித்து வருவன 10; ஒவ்வொன்றிலும் இருவர், ஆக 20. மொத்தத்தில் 55 குடும்பங்கள். 200-ஐ நெட்டுருப் போடுவது எங்கே, 55-ஐ அறிந்துகொள்வது எங்கே!

ஆனால் நான் செய்த முதல் வேலை பெரும் பிழை. நான்கு வரிகளையும் பாட்டுப்போல மனப்பாடம் செய்ய வைத்தேன். குழந்தை மணிமணியாய் ஒப்பித்தாள். பிறகு தானாக எழுதச் சொன்னால், 3 − 8 = 5 என்று எழுதினாள். கூட்டலில் இடம் மாறலாம் என்று நான்தானே சொன்னேன்! கழித்தலில் பெரியவர்தான் முன்னே நிற்க வேண்டும் என்பதை வாயால் எத்தனை முறை சொல்லியும் பயனில்லை.

பிறகுதான் புளியங்கொட்டைக்கு வந்தேன். எட்டு கொட்டைகளைத் தரையில் வைத்து அவளை எண்ணச் சொன்னேன். கண்ணை மூடச் சொல்லி, சிலவற்றை என் கைக்குள் மறைத்தேன். தரையில் ஐந்து. “மாமா கையில எத்தனை?” முதல் நாள் விரல் விட்டாள். நான்காம் நாள், “மூணு! வேற எங்க போகும்?” என்றாள். அந்த ‘வேற எங்க போகும்’ என்பதில் இக்கட்டுரை முழுவதும் அடங்கியிருக்கிறது. மூன்று கொட்டைகளிலிருந்து எட்டை எடுக்கச் சொன்னபோது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நான்கும் நான்கும் எட்டு என்ற குடும்பத்தில் இரண்டு வரிகள்தாம் வந்தன. “மத்த ரெண்டு பேரும் எங்க மாமா?” என்று வருத்தப்பட்டாள்.

செய்ததை மனத்திற்குள் திருப்பிப் பார்க்கும் ஆற்றல் ஏழு வயதையொட்டித்தான் குழந்தைகளிடம் உறுதிப்படுகிறது என்றார் சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் பியாஜே (1896–1980). கொட்டை கைக்குள் போவதும் வெளியே வருவதும் அந்தத் திருப்பத்தைக் கண்முன் நிகழ்த்திவிடுகின்றன. பொருள்களை வைத்துக் கற்பிக்கும் வழக்கம் நம் தொடக்கப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் இருக்கிறது. எனினும் நாற்பது பேர் அமர்ந்த வகுப்பில் ஒவ்வொரு கையையும் பார்க்க யாருக்கு நேரம்?

இனி என் அம்மாவைப் பற்றி. அவர் பேருந்து நிலையத்தில் கொய்யாவும் வெள்ளரிப்பிஞ்சும் விற்பவர். ஒரு விடுமுறை நாளில் குழந்தையுடன் கூடைக்கருகே அமர்ந்திருந்தேன். ஒருவர் 64 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். அம்மா ஒரு ரூபாயை வைத்து “அறுபத்தஞ்சு” என்றார், ஐந்தை வைத்து “எழுபது”, பத்தை வைத்து “எண்பது”, இருபதை வைத்து “நூறு, சரியா பாத்துக்க சாமி.” அவர் கழிக்கவே இல்லை. கூட்டியே 36-ஐக் கொடுத்துவிட்டார். 64, 36, 100 என்பதும் ஒரு குடும்பமே. இத்தனை ஆண்டுகளாக அவர் அருகில் இருந்தும் அதைக் கணக்கு என்று நான் எண்ணியதில்லை, அவரும் எண்ணியதில்லை.

வகுப்பில் நாம் இயற்கணிதத்தில் ‘குலம்’ படிக்கிறோம். குலத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எதிர்மறை உண்டு. 5 இருந்தால் −5 உண்டு. இரண்டும் சேர்ந்தால் சமனியாகிய 0. அங்கே கழித்தல் என்று தனியே ஒரு செயல் தேவையில்லை. எதிர்மறையைக் கூட்டுவதே கழித்தல். முழுக்களின் குலத்தில் நமக்குக் கரும்பலகையில் சொல்லப்படுவதன் வேர், குறை எண்களை அறியாத குழந்தையின் கையிலுள்ள புளியங்கொட்டையில் இருக்கிறது. தேர்வுக்காக நான் நெட்டுருப் போட்ட அந்த விதி எனக்குப் புரிந்தது எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் என்பதை வெட்கமின்றிச் சொல்லிவிடுகிறேன்.

அன்றிரவு அம்மாவிடம், “நீ செய்வதும் கணக்குதான்” என்றேன். “அது யாவாரம்டா” என்றார். குழந்தைதான் விடவில்லை. “இல்ல ஆயா, அது கட்டத்துக் கணக்கு” என்று தரையில் முக்கோணம் வரைந்து காட்டினாள்.

இப்போது வயிற்று வலி இல்லை. நோட்டில் சிவப்பு மை இன்னும் வரத்தான் செய்கிறது. 7, 9, 16 குடும்பம் அவளுக்குப் பிடிபடவில்லை, விரலுக்குப் போய்விடுகிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமைக்கென்று பதினாறு கொட்டைகளைக் கழுவிக் காய வைத்திருக்கிறேன்.